சொந்த மசோதாவுக்கு ஆர்டிஸ் போட்ட ஓட்டு

ஆர்டிஸ் குவாம் தன் சொந்த மசோதாவுக்கு எதிராக ஓட்டுப் போட்டார். பதினொரு வருடமாக இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிந்தேன். யாரோ சொல்லிக் கேட்டதில்லை. சட்டசபையில் யார் எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்று பட்டியல் வரும். அதை என் கண்ணால் பார்த்தேன். ஆதரவு நாற்பத்தெட்டு, எதிர்ப்பு ஐம்பத்திரண்டு. எதிர்ப்பு வரிசையில் நடுவாக்கில் அவர் பெயர் இருந்தது.

அது என் தம்பி ஆர்லன் செத்ததால் வந்த மசோதா. அறுவடை நேரத்தில் கோதுமை ஏற்றிய லாரியோடு கிழக்கு ரோட்டில் தண்டவாளத்தைக் கடக்கப் போனான். சாயங்கால வெயில் கண்ணில் அடித்திருக்க வேண்டும். அந்த இடத்தில் விளக்கு இல்லை, தடுப்புக் கட்டை இல்லை, மணி இல்லை. குறுக்காக ஆணி அடித்த இரண்டு பலகை மட்டும். சரக்கு ரயில் அவனைக் கால் மைல் தூரம் தள்ளிக்கொண்டு போனது. அவனுக்கு முப்பத்தாறு வயது.

இப்போது ஆர்டிஸ் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். ஆர்டிஸ் முப்பத்தொரு வருடம் எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், பள்ளிப் பேருந்து ஓட்டினார். நானும் அதில் போனவன்தான், ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோகும் வரைக்கும். கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தால் பின் சீட்டுவரை அடங்கிவிடும். பேருந்து ஓட்டாத நேரத்தில் ஆம்புலன்ஸ் வேலை. எங்கள் ஊர் ஆம்புலன்சில் சம்பளக்காரர் யாரும் கிடையாது. விவசாயி, கடைக்காரர், தபால்கார அம்மா என்று எல்லோரும் பயிற்சி எடுத்துக்கொண்டு முறை போட்டு வருவார்கள். பெரிய ஆஸ்பத்திரி எழுபத்திரண்டு மைல். பனிக்காலத்தில் அது எவ்வளவு தூரம் என்று எங்களைத்தான் கேட்க வேண்டும்.

எங்கள் மாநிலத்தில் சட்டசபை இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் கூடும். ஜனவரியில் தொடங்கித் தொண்ணூறு நாள். மற்ற நாளெல்லாம் உறுப்பினர்கள் மாடு மேய்ப்பார்கள், விதைப்பார்கள், பாடம் நடத்துவார்கள். எங்கள் தொகுதியில் இருந்தவர் முட்டி வலிக்கு வெயில் நல்லது என்று அரிசோனாவுக்குக் குடிபோனார். அந்த இடத்துக்கு நிற்க ஆள் இல்லை. காபிக் கடையில் உட்கார்ந்து நாலு பேர் ஆர்டிஸ் பெயரை வேட்பாளராக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவரும் ஜெயித்துவிட்டார். நானும்தான் ஓட்டுப் போட்டேன்.

முதல் கூட்டத்தொடருக்குப் போகுமுன் அதே காபிக் கடையில் ஒரு நோட்டோடு உட்கார்ந்தார். என்ன சட்டம் வேண்டும் என்று வருகிறவர் போகிறவரை எல்லாம் கேட்டார். தானியக் கிடங்கில் வேலை பார்க்கும் கோர்டி எப்போதும் வாய்த்துடுக்குக்காரன்.

"ஆர்டிஸ், இந்தக் காத்து கொஞ்சம் கம்மியா அடிக்கணும்னு ஒரு மசோதா போடுங்களேன்."

"போட்டுடலாம். முதல்ல உன் வாயிலேர்ந்து வர்ற காத்த நிறுத்தறேன், அதுக்குச் செலவில்ல."

கடைசியில் மூன்று மசோதா தேறியது. பத்துப் பிள்ளைகளுக்குக் குறைந்தாலும் கிராமத்துப் பள்ளியை மூடக் கூடாது என்று ஒன்று. ஆம்புலன்சில் முறை போட்டுக் காத்திருக்கிறவர்களுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும், பயிற்சிச் செலவை மாநிலம் ஏற்க வேண்டும் என்று ஒன்று. மூன்றாவது, பள்ளிப் பேருந்து போகிற மண் ரோடுகளில் தண்டவாளம் குறுக்கிட்டால் விளக்கும் தடுப்பும் வைக்க வேண்டும் என்பது. அதை எழுதும்போது என் வீட்டுக்கு வந்தார். ஆர்லன் பெயரைச் சொல்லலாமா என்று கேட்டார். சொல்லுங்கள் என்றேன்.

பள்ளி மசோதா முதல் வாரமே சட்டசபைக் குழுவில் செத்தது. அதற்காக யாரும் நின்று பார்க்கவில்லை, அடுத்த மசோதாவை எடுத்துவிட்டார்கள். தண்டவாள மசோதா விசாரணைக்கு நான் நானூறு மைல் ஓட்டிப் போனேன். மேசைக்கு முன்னால் உட்கார்ந்து பெயர் சொல்லி, ஊர் சொல்லி, தம்பி செத்ததைச் சொன்னேன். ரயில்வேக்காரர்களின் வக்கீல் எழுந்து முதலில் என் இழப்புக்கு வருந்தினார். அப்புறம் இந்தச் சட்டம் கூடாது என்றார். குழு இரண்டு ஓட்டு வித்தியாசத்தில் சபைக்கு அனுப்பியது. ஆர்டிஸ் படிக்கட்டில் என் தோளைத் தட்டினார். அந்தம்மாவின் இடுப்பில் ஆம்புலன்ஸ் அழைப்புக் கருவி தொங்கியது. நானூறு மைல் தள்ளி அது எப்படி அலறும்? பழக்கதோஷம்.

நான் ஊருக்குத் திரும்பினேன். வெள்ளிக்கிழமை தானியக் கிடங்கில் கோர்டி கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான்.

"லைல், இங்க வா. உன் ஆளு உனக்கே ஆப்பு வச்சிருச்சு, பாத்தியா?"

"தோத்துருச்சா?"

"தோத்தது கெடக்கட்டும்டா. பேரப் பாரு. எந்தப் பக்கம் இருக்குன்னு பாரு."

பார்த்தேன். இரண்டு தடவை பார்த்தேன். என் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவது தடவையும் பார்த்தேன்.

ஏப்ரலில் கூட்டத்தொடர் முடிந்து ஆர்டிஸ் வந்தார். தபால் ஆபீஸ் வாசலில் எதிர்ப்பட்டோம்.

"லைல்."

"ம்."

அவ்வளவுதான் பேச்சு. அந்தம்மா ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. நான் வண்டியில் ஏறிவிட்டேன். ஆம்புலன்ஸ் மசோதா மட்டும் சட்டமாகிவிட்டது. ஊரெல்லாம் அவரைக் கொண்டாடியது. தீயணைப்புக் கொட்டகையில் கேக் வெட்டினார்கள். நான் போகவில்லை. அந்த ஆம்புலன்ஸ் வண்டியில் கால் வைப்பதில்லை என்று அன்றைக்கு முடிவு கட்டினேன். நாலு வருடம் கழித்து என் மனைவி ஜானீனுக்குக் குடல்வால் வெடித்தபோது அதே வண்டிதான் வந்தது. அதே ஆர்டிஸ்தான் ஸ்ட்ரெச்சரைப் பிடித்தார். கூட ஏறிக்கொள் என்று கதவைத் திறந்து வைத்தார். நான் என் பிக்கப் வண்டியில் எழுபத்திரண்டு மைலும் பின்னாலேயே போனேன். ஜானீன் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள். "செத்துட்டிருக்கேன், இந்த மனுஷன் பின்னாடி வெளக்கப் போட்டுட்டு ஊர்வலம் வரான்" என்பாள்.

ஆர்டிஸ் மூன்று தடவை சட்டசபைக்குப் போனார். பிறகு போதும் என்று நின்றுகொண்டார். பேருந்து ஓட்டினார், ஆம்புலன்சில் போனார். போன வருடம் நுரையீரல் கைவிட்டது. மூக்கில் குழாயோடுதான் நடமாட்டம்.

நான் கவுண்டிக்கு ரோடு சமன்படுத்தும் கிரேடர் ஓட்டுகிறவன். அக்டோபரில் அவர் வீட்டு ரோட்டில் ஓட்டிக்கொண்டு போனபோது அந்தம்மா நடு ரோட்டில் வந்து நின்றார். ஒரு கையில் ஆக்சிஜன் சிலிண்டர் வண்டி. பிரேக் போட்டேன்.

"எறங்குப்பா. காபி போட்டிருக்கேன்."

"வேலை கெடக்கு."

"ரோடு எங்கயும் போயிடாது. எனக்குதான் டயம் இல்ல."

இறங்கினேன். சமையலறை மேசையில் காபியும், வெட்டி வைத்த பூசணிக் கேக்கும். அந்தம்மா உட்கார்ந்து மூச்சு வாங்கி முடிக்கும் வரை நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ அந்த லிஸ்ட்டப் பாத்தே."

"பாத்தேன்."

"எதிர்ப்புல இருந்தேன்."

"எனக்குக் கண்ணு தெரியும்."

"ஓட்டுப் பலகையில வெளக்கு எரிய எரிய எண்ணிட்டே இருந்தேன், லைல். ஆதரவு என்னையும் சேத்து நாப்பத்தொம்போதுல நின்னுபோச்சு. தோத்தாச்சுன்னு தெரிஞ்சதும் கடைசி நிமிஷத்துல பொத்தான மாத்தினேன். ஜெயிச்ச பக்கம் ஓட்டுப் போட்டவங்கதான் மறுநாள் எந்திரிச்சு, இன்னொரு தடவ ஓட்டெடுப்போம்னு கேக்க முடியும். அந்த ஒரு நாள் போச்சுன்னா முடிஞ்சுது. அங்க அது எல்லாருக்கும் தெரியும். யாரு மசோதா தோத்தாலும் அவங்களே எதிர்ப்புக்கு மாறிக்குவாங்க."

கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தேன். பதினொரு வருடம். ஒரு பொத்தான்.

"அப்ப மறுநாள் எந்திரிச்சீங்களா?"

அந்தம்மா குழாயைச் சரிசெய்தார்.

"இல்ல."

"ஏன்?"

"ஒம்போது மணிக்கு சபை. எட்டே முக்காலுக்கு நிதிக் குழுக்காரர் நடையில புடிச்சுக்கிட்டாரு. மெரட்டல, அதையும் சொல்லிடறேன். நல்ல மாதிரிதான் சொன்னாரு. இருக்கறதே கொஞ்சம்தான் ஆர்டிஸ், வெளக்குக்கா ஆம்புலன்சுக்கா, ஒண்ணச் சொல்லுன்னாரு. வெளக்கத் திரும்பத் தூக்கினா ஆம்புலன்ஸ் அடுத்த தடவைக்குப் போயிடும். அடுத்த தடவைன்னா ரெண்டு வருஷம். நம்ம வண்டிக்கு அப்ப ஆளே அஞ்சு பேரு. ரெண்டு வருஷம் தாங்காது. அதுக்கு முன்ன ரெண்டு வருஷத்துல நூத்திநாப்பது தடவ வண்டி போயிருக்கு. ரயில்ல ஒருத்தன்."

"அந்த ஒருத்தன் என் தம்பி."

"தெரியும்டா. அவன அந்த லாரியிலேர்ந்து வெளிய எடுத்தவ நான்."

அதை நான் மறந்திருக்கவில்லை. ஆனாலும் அந்தம்மா வாயால் கேட்டதில்லை. சிலிண்டர் மட்டும் சத்தம் போட்டது.

"இத ஏன் அப்பவே சொல்லல? தபால் ஆபீஸ்ல வச்சுச் சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு சொல்ல? பொத்தான மாத்தின கதைய மட்டும் சொன்னா நான் நல்லவளாயிடுவேன். நீயும் மன்னிச்சுடுவே. மீதிய யாரு சொல்றது? எந்திரிக்காம உக்காந்திருந்தது நான்தானே. நீ என்மேல கோவமா இருந்தது சரிதான். காரணம்தான் தப்பு."

"இப்ப மட்டும் ஏன் சொல்றீங்க?"

"வேற ஒண்ணு கேக்கணும். பாதி தெரிஞ்சவன்கிட்ட கேட்டா நல்லா இருக்காது."

எனக்கு மனசு ஆறிவிட்டது என்று எழுத முடியாது. ஆறவில்லை. அந்த ரோட்டில் இன்றைக்கும் இரண்டு பலகைதான் நிற்கிறது. ஆனால் இத்தனை வருடம் பிடித்திருந்த கோபத்தைப் பிடிக்கக் கையில் தெம்பு இல்லாமல் போயிற்று. அந்தம்மா இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். பதில் வந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. கேக்கில் ஒரு துண்டு தின்றேன்.

"என்ன கேக்கணும்?"

"வியாழக்கெழம வண்டி ஓட்ட ஆள் இல்ல. மார்லிஸ் மட்டும்தான் இருக்கா. ரெண்டு பேரு இல்லாட்டி அந்த நாள் வண்டிய எடுக்கக் கூடாதுன்னு சட்டம். அந்தச் சட்டத்துக்கும் நான்தான் ஆதரவா ஓட்டுப் போட்டேன், அத விடு. உனக்கு பெரிய வண்டி லைசென்ஸ் இருக்கு. நோயாளிய மார்லிஸ் பாத்துக்குவா. நீ ஓட்டினாப் போதும்."

"நான் அந்த வண்டியில கால் வைக்கமாட்டேன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். அதனாலதான் உன்னக் கடைசியா கேக்கறேன். மத்தவங்க எல்லாரையும் கேட்டாச்சு."

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அந்தம்மாவும் சிரித்தார், அது இருமலாகி நிற்க ரொம்ப நேரம் ஆனது. தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாசல்வரை சிலிண்டரை இழுத்துக்கொண்டு வந்தார். நவம்பர் இரண்டாம் வாரம் அந்தம்மா போய்விட்டார். அதற்கப்புறம் அவரைப் பார்க்க எனக்கு வாய்க்கவில்லை. அன்றைக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னதுதான் கடைசி.

"காலையில ஆறு மணிக்கு வந்துடு. இன்னொண்ணு, லைல். கெழக்க கூப்புட்டாங்கன்னா அந்த ரோட்டுலயே போ. நீ கிரேடர்ல கூட அந்தப் பக்கம் போகாம சுத்திப் போறியாம், கோர்டி சொன்னான். சுத்தினா எட்டு நிமிஷம் போயிடும், உள்ள இருக்கறவங்களுக்கு அவ்வளவு நேரம் இருக்காது. தண்டவாளத்துக்கிட்ட நிறுத்து, சைரன அணைச்சிட்டு ஜன்னல எறக்கு, ரெண்டு பக்கமும் பாரு. பாத்துட்டுப் போ."