அம்மா பாஸ் பண்ணிய கண் சோதனை

எஹலியகொடவுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் நான் எழுத்து வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அம்மா அதே தோட்டத்தில் மரப்பட்டையைக் கத்தியால் கீறிப் பால் வெட்டிக்கொண்டிருந்தார். தொழிலாளர்களுக்கு இலவசமாகக் கண் சோதித்து மூக்குக்கண்ணாடி கொடுக்கப்போவதாகக் கம்பனி அறிவித்தது. பெயர் எழுத, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம் லயமாகப் போனேன். ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை.

காரணம் எனக்கும் தெரியும். முந்தைய வருடம் நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுக்க ஒரு வண்டி வந்தது. நோய் தெரிந்த இரண்டு பேரை லேசான வேலைக்கு மாற்றினார்கள். சில மாதங்களில் அவர்களுக்கு அந்த வேலையும் இல்லாமல் போனது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார் எங்கள் ஆபீஸ் பெரிய கிளாக்கர். லயத்தில் நானும் அதையே சொன்னேன், யார் முகத்தையும் பார்க்காமல்.

கடைசியில் எல்லோரும் வரவேண்டும் என்று உத்தரவு வந்தது. முதல் நாள் சாயந்தரம் அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார்.

"ஆபீசுல கண்ணு பாக்குற அட்டைய மாட்டிட்டாங்களாம். அதுல என்னா இருக்குன்னு பாத்துட்டு வா."

"கண்ணு தெரியலன்னா கண்ணாடி குடுப்பாங்கம்மா. அவ்வளவுதான்."

"கண்ணு தெரியாதவ கையில எதுக்குக் கத்திய குடுப்பாங்க?"

நான் ஆபீசுக்குப் போனேன். அட்டையில் மூன்று விரல் நீட்டிய கை போல ஓர் எழுத்து, வரிக்கு வரி வேறு வேறு பக்கம் திரும்பியிருந்தது. துண்டுக் காகிதத்தில் அம்புக்குறிகளாக எழுதிவந்து வாசித்தேன். மேல, சோத்துக்கை, கீழ, கீழ, நொட்டாங்கை என்று அம்மா அரிசி பொறுக்கியபடியே மனப்பாடம் செய்தார். நான் வெளியே போவதும் உள்ளே வருவதுமாக இருந்தேன்.

மறுநாள் கடைசி வரிவரை தடுமாறாமல் சொன்ன அம்மாவை டாக்டர் சிங்களத்தில் பாராட்டினார்.

ஒரு மாதத்தில் கண்ணாடிகள் வந்தன. வாங்கியவர்கள் யாருக்கும் வேலை போகவில்லை. பக்கத்து வீட்டு அக்கா கண்ணாடியோடு பால் வெட்ட மலைக்குப் போவதை அம்மா வாசலில் நின்று பார்த்தார். அந்த வாரமே, பட்டையை ஆழமாக வெட்டி மரத்தைக் கெடுக்கிறார் என்று கங்காணி அவரை ஏசினார்.

எது நடந்தாலும் நடக்கட்டும் என்று பெரிய கிளாக்கரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. சோதனை லிஸ்ட் கம்பனியின் கொழும்பு ஆபீசுக்குப் போய்விட்டது, இனி மாற்ற முடியாது என்று சொல்லி அதன் பிரதியை எடுத்துக் காட்டினார். அம்மாவின் பெயருக்கு நேரே 'நல்ல பார்வை' என்று நான்தான் எழுதியிருந்தேன்.

பிறகு இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை பஸ் ஏறி அம்மாவுக்குக் கண்ணாடி வாங்கினோம். அந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் என்னைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போனார். தான் வெட்டும் ஒரு மரத்தின் பட்டையை வெகுநேரம் தடவினார்.

"இம்புட்டுக் காயமா போட்டிருக்கேன்?"

அவர் அடுத்த மரத்துக்கு நகர்ந்தார். நான் பின்னாலேயே போனேன்.