இடது காது

விமானத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் கூட்டத்தில் அவளுக்குக் 'கேப்டன்' என்று பெயர். மரியாதைக்கு வைத்த பெயர் என்று யாரும் ஏமாந்துவிட வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சாப்பாட்டு அறையில் யாரோ "உனக்கு என்னம்மா ஆசை?" என்று ஒப்புக்குக் கேட்கப்போய், இவள் பட்டென்று "பைலட் ஆகணும்" என்று சொல்லித் தொலைத்துவிட்டாள். பத்தொன்பது வயசு, வாயைக் கட்டத் தெரியாத வயசு. அன்றைக்குக் கிளம்பிய சிரிப்பு எட்டு வருஷமாகியும் ஓயவில்லை. "கேப்டன், அந்த நீலப் பெட்டியைத் தள்ளு!" "கேப்டன், சக்கரத்துக்குக் கட்டை வெச்சாச்சா?" வேறு ஒருத்தியாக இருந்தால் மூக்கைச் சிந்திக்கொண்டு போய்ப் புகார் கொடுத்திருப்பாள். இவள் ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து நின்று "இதோ வந்துட்டேன்" என்றாள். கூப்பிடுங்கடா கூப்பிடுங்க, வாய் வலிக்கப்போவது உங்களுக்குத்தானே!

வெறும் பேச்சோடு நின்றவளும் இல்லை. விமானத்தின் சரக்கறைக்குள் நிமிர்ந்து நிற்க முடியாது. முட்டியில் பட்டை கட்டிக்கொண்டு, தவழ்ந்து தவழ்ந்துதான் பெட்டிகளை அடுக்க வேண்டும். காலை ஷிஃப்ட் முழுக்க அப்படித் தவழ்ந்துவிட்டு வீட்டுக்கு வந்து, பள்ளிக்கூடத்தோடு கைகழுவிய கணக்கையும் இயற்பியலையும் முதலிலிருந்து படித்தாள். இயற்பியல் முதல் தடவை காலை வாரிவிட்டது. ஆஸ்பத்திரித் துணிகளுக்கு இஸ்திரி போடும் அவள் அம்மா, "போதும்டி, பார்க்கிறவங்க எல்லாம் சிரிக்கிறாங்க" என்றாள். "சிரிக்கட்டும்மா, அவங்க பல்லுக்குக் காத்து பட்ட மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிட்டு மறுபடி எழுதினாள். தேறினாள். விமானப் பயிற்சிப் பள்ளியின் நேர்காணலிலும் தேறினாள். பணத்துக்கு எப்படியோ வழி பண்ணியாயிற்று, அந்தப் பாட்டை இங்கே பாட வேண்டாம். பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று, பைலட்களுக்கான மருத்துவப் பரிசோதனை. அந்தச் சான்றிதழ் கைக்கு வந்தால் அடுத்த மாதம் வகுப்பில் போய் உட்காரலாம். வராவிட்டால் அவளுடைய இடம் வேறு ஒருவருக்கு.

பரிசோதித்த டாக்டரம்மா சிரிக்கவும் மாட்டார், சிடுசிடுக்கவும் மாட்டார். கண் சரி, நிறம் பிரித்துப் பார்ப்பது சரி, இதயம், மூச்சு, ரத்தம் எல்லாம் சரி. கடைசியாகக் காது. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் வரும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். வலது காதுக்கு விரல் மளமளவென்று அழுத்தியது. இடது காதுக்கு வந்ததும் விரல் சும்மா கிடந்தது. சத்தம் வருகிறதா, வந்து போய்விட்டதா என்றே இவளுக்குப் புரியவில்லை.

அடுத்து, வலது காதில் பஞ்சு வைத்து, சுவரைப் பார்த்து நிற்கவைத்துவிட்டு டாக்டரம்மா பின்னாலிருந்து சாதாரணக் குரலில் பேசினார். இவள் படக்கென்று திரும்பினாள்.

"திரும்பாதீங்க. நான் சொல்றதை அப்படியே திருப்பிச் சொன்னா போதும்."

"சரிங்க டாக்டர்."

மறுபடி பேசினார். மறுபடி திரும்பினாள். மூன்றாவது தடவையும் கழுத்து தன்னால் திரும்பியது.

"ஏம்மா திரும்புறீங்க?"

"நீங்க என்ன சொல்றீங்கன்னு பார்க்கத்தான்."

"பார்க்கவா?" டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எங்கேருந்து வர்றீங்க இப்போ?"

"ஷிஃப்ட் முடிச்சு நேரா வர்றேன் டாக்டர். அரைநாள் லீவு மிச்சமாகுமேன்னு."

அடக் கஷ்டமே! காலையிலிருந்து ஜெட் எஞ்சின் பக்கத்தில் நின்றுவிட்டு, அந்தக் காதைத் துடைத்த கையோடு காதுப் பரிசோதனைக்குக் கொண்டுவந்திருக்கிறாள். பெட்டி தூக்குகிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் புத்தி வராது. அவர்களுக்குச் சத்தம் என்பது கணக்கிலேயே வராத சாமான்.

"வலது காது நல்லா இருக்கு. இடது காதுதான் அடிவாங்கியிருக்கு. அதென்ன, ஒரு காது மட்டும்?" என்று கேட்டார் டாக்டரம்மா.

அதற்குக் காரணம் அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. அவர்கள் ஷிஃப்டின் சூப்பர்வைசருக்கு லவுட்ஸ்பீக்கர் என்று பட்டப்பெயர். கையால் காட்ட வேண்டிய சைகைகள் எல்லாம் சாப்பாட்டு அறைச் சுவரில் படமாக ஒட்டித்தான் இருக்கின்றன. ஆனால் கையை ஆட்டினால் அந்த மனுஷனுக்குக் கௌரவம் குறைந்துவிடுமாம். கிட்டே வந்து, தன் இடது காதை விரலால் தட்டுவார். உடனே எதிரில் இருப்பவர் காதுக்கவசத்தின் இடது பக்கத்தைத் தூக்கிக்கொள்ள வேண்டும், அவர் அதற்குள் கத்துவார். அந்த இடத்தின் வழக்கமே அப்படி ஆகிவிட்டது. கவசத்தைத் தூக்கினால் அவர் குரலா மட்டும் உள்ளே போகும்? எஞ்சின் மொத்தமும் சேர்ந்து போகும். போதாக்குறைக்கு, பாதி பேச்சு காதில் விழாது என்பதால் எல்லாரும் வாயசைவைப் பார்த்தே புரிந்துகொள்ளப் பழகியிருந்தார்கள். எட்டு வருஷத்தில் இவள் கழுத்துக்கு அதுவே பழக்கம்.

"மூணு வாரம் டைம் தர்றேன்" என்றார் டாக்டரம்மா. "அந்தக் காதைச் சத்தத்துக்குக் காட்டாதீங்க. வெறும் களைப்புன்னா திரும்பி வரும். நிரந்தரமா போயிருந்தா வராது. அப்புறம் என்னால கையெழுத்துப் போட முடியாது, சொல்லிட்டேன்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள். வலது காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்று, "பின்னாடி நின்னு ஏதாவது சொல்லும்மா, நான் திரும்பக்கூடாது" என்றாள்.

"முதுகுக்குப் பின்னாடி பேசணுமா? அதுக்குப் பக்கத்து வீட்டுக்காரிதான் சரி, என்னைப் போய்க் கூப்பிடுறியே" என்றாள் அம்மா. ஆனாலும் நின்றாள். "தக்காளி."

"தக்காளி."

"அலமாரி."

இவள் திரும்பிவிட்டாள். அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். "நேரா நில்லுடி! உதவாக்கரை."

"அம்மா!"

"கேட்டுச்சுல்ல? அப்போ பேசாம நில்லு."

மறுநாளிலிருந்து விமான நிலையத்தில் அவள் காதுக்கவசத்தைத் தூக்கவில்லை. லவுட்ஸ்பீக்கர் வந்து காதைத் தட்டினார். இவள் தலையை ஆட்டி, தன் கையைக் காட்டினாள், சைகையில் சொல்லுங்க என்று. அவர் முகம் சிவந்தது. மறுபடி தட்டினார். இவள் மறுபடி கையைக் காட்டினாள். கடைசியில் வேண்டாவெறுப்பாக ஒரு விரலை நீட்டி வண்டியைக் காட்டிவிட்டுப் போனார். சாப்பாட்டு அறையில் பிடித்துக்கொண்டார்.

"என்ன, கேப்டனுக்கு இப்பவே கொம்பு முளைச்சிருச்சா?"

"டாக்டர் தூக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க சார். இடது காது போச்சுன்னா எனக்கு பைலட் மெடிக்கல் கிடைக்காது."

"முப்பது வருஷமா இங்கே கத்துறேன். எனக்கு என்ன காதா போச்சு?"

"என்ன சார்?" என்று மேஜையின் அந்தக் கோடியிலிருந்து, பெட்டிகளை விமானத்துக்குள் ஏற்றும் பெல்ட் வண்டியை ஓட்டுகிற பெரியவர் கேட்டார். நிஜமாகவே அவருக்குக் காதில் விழவில்லை, பாவம். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

நாலைந்து நாள் இப்படியே முறைப்பும் விறைப்புமாகப் போயிற்று. வேலை மெதுவாகிறது என்று கூட இருந்தவர்களே அவள்மேல் எரிந்து விழுந்தார்கள். பெரியவர்கூட "ஒரு தடவை தூக்குனா குடியா முழுகிடும்?" என்றார். அவருக்கு நின்று பதில் சொல்ல அவளுக்குப் பொறுமை இல்லை.

அப்புறம் அந்த மத்தியானம். விமானம் கிளம்ப நேரமாகிவிட்டது, வால்பக்கத்து எஞ்சின் வீல்வீல் என்று அலறிக்கொண்டிருந்தது, பெல்ட்டில் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. லவுட்ஸ்பீக்கர் விறுவிறுவென்று வந்தார். காதைத் தட்டக்கூட இல்லை. அவளுடைய கவசத்தின் இடது பக்கத்தைத் தன் கையாலேயே பிடுங்கிவிட்டு, காதுக்குள் வாயை வைத்துக் கத்தினார்.

அவளுக்கு உச்சந்தலைக்கு ஏறியது. கூடவே பயமும் வந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பொய். எட்டு வருஷம் தவழ்ந்து தவழ்ந்து சேர்த்த ஒன்றை இந்த ஆள் ஒரு கத்தலில் உடைத்துவிடுவானே என்று கண்ணே இருட்டிவிட்டது. கவசத்தை அவர் கையிலிருந்து பிடுங்கி மாட்டிக்கொண்டாள். பெல்ட்டின் சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தாள். பெல்ட் நின்றது. பெட்டிகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்தாள், போதாதென்று கால்மேல் கால் போட்டுக்கொண்டாள்.

லவுட்ஸ்பீக்கர் பெரியவரைப் பார்த்து, பெல்ட்டை ஓட்டு என்று கத்தினார். பெரியவர் ஒரு கணம் இவளைப் பார்த்தார். பிறகு தன் கவசத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கேட்கவே இல்லை என்கிற மாதிரி மேகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

விமானம் தாமதமானது. மேனேஜர் ஓடிவந்து, எல்லாரையும் தன் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

"மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடும்மா. இனிமே சொன்னா தூக்குவேன்னு ஒரு வரி. இதோட விட்டுடலாம்."

"மாட்டேன் சார்."

"யோசிச்சுப் பேசு."

"எட்டு வருஷமா யோசிச்சுட்டேன். என் காதுமேல கையை வெச்சது அவர். எழுதிக் குடுக்க வேண்டியதும் அவர்தான்."

"அப்போ வேலைக்கு வராதே. சம்பளம் கிடையாது. எழுதிக் குடுத்தா மட்டும் திரும்பி வா."

வீட்டில் அம்மா ஆடித் தீர்த்துவிட்டாள். கையிலிருந்த வேலையும் போச்சா, அந்தக் காதும் சரியாகலைன்னா நடுத்தெருவிலயா நிற்பே, திமிர் பிடிச்சவளே, யாரைக் கொண்டு பிறந்தியோ என்று மூச்சுவிடாமல் பொழிந்தாள். பொழிந்து முடித்ததும் நேராகப் போய் டிவியை அணைத்தாள். அம்மா தன் சீரியலை அணைத்ததை இந்த வீடு அதுவரை கண்டதில்லை. ஜன்னலைச் சாத்தினாள். பாத்திரத்தைப் பஞ்சுபோல எடுத்து வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரியின் ரேடியோவை நிறுத்தச் சொல்லப் போய், ஒரு சண்டையும் போட்டுவிட்டு வந்தாள். அந்தக் கோபக்காரர் லவுட்ஸ்பீக்கரால் வந்த தண்டனைதான் காதுக்கு ஓய்வு கொடுத்தது. அவருக்கு இது தெரிந்தால் வயிறெரிந்து போயிருப்பார். தினமும் சுவரைப் பார்த்து நின்றாள், தினமும் அம்மா பின்னால் நின்றாள். தக்காளி, அலமாரி, பாதிக்கு மேல் வசவு.

மூன்றாவது வாரம், வீட்டிலிருந்து நேராக, அமைதியான பஸ்ஸாகப் பார்த்து ஏறிப் போனாள். கண்ணாடிக் கூண்டு. ஹெட்போன். இடது காதில் மிக மெல்லிசாக ஒன்று கேட்டது, பொத்தானை அழுத்தினாள். இன்னொன்று. அழுத்தினாள். டாக்டரம்மா கருவி தாளில் வரைந்த கோட்டைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"எல்லைக்குள்ள வந்திருக்கு, மயிரிழையில. பேச்சுச் சோதனையிலயும் தேறினாத்தான் உண்டு. வலது காதுல பஞ்சை வெச்சுக்கிட்டுத் திரும்பி நில்லுங்க."

வெள்ளைச் சுவர். ஒரு ஆணி அடித்த ஓட்டை. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஜன்னல்."

"ஜன்னல்."

"நாற்பத்தேழு."

"நாற்பத்தேழு."

"சாயங்காலம் மழை வரும்."

"சாயங்காலம் மழை வரும்."

பிறகு ஒன்றும் இல்லை. இவள் காத்திருந்தாள். இன்னும் ஒன்றும் இல்லை. ஒருவேளை டாக்டரம்மா பேசிக்கொண்டிருக்கிறாரோ? தனக்குத்தான் விழவில்லையோ? கழுத்து நமநமவென்றது. வேலை போய்விட்டது, இதுவும் போனால் கையில் ஒன்றுமில்லை. ஒரே ஒரு தடவை திரும்பி அந்த வாயைப் பார்த்தால் போதும், தெரிந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டாள். மாட்டேன். செத்தாலும் திரும்ப மாட்டேன். என் காது இது, இதை நான் நம்பாவிட்டால் வேறு எவன் நம்புவான்?

"டாக்டர்," என்று சுவரைப் பார்த்தபடியே உரக்கச் சொன்னாள், "நீங்க இப்போ எதுவுமே பேசலை."

"ஆமாம்மா, பேசலை" என்றது பின்னாலிருந்து குரல். "கையெழுத்துப் போட்டுக்கிட்டிருக்கேன்."