ரெக்கைக் கடையில் மேரி அக்கா

மேரி அக்கா இறந்த செய்தியை நான் இருக்கும் றொசல்லைக்குக் கொண்டுவந்தவன் அவருடைய மூத்த மகன் தாசன். காலை ரயிலில் வந்து வாசலிலேயே நின்றுகொண்டு, "அம்மா தவறிட்டாங்க சித்தி. நேத்து சாயங்காலம், நாற்காலியில உக்காந்த மேனிக்கே போயிட்டாங்க" என்றான். எனக்கு உடனே அழுகை வரவில்லை. நாற்காலியில் என்று கேட்டதும் ஒரு நிம்மதிதான் வந்தது. அந்த மனுஷி உட்கார்ந்து பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

வட்டகொடைக்குப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மருத்துவிச்சி அவர். இன்று இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் தோட்டத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோரை முதலில் கையில் ஏந்தியவர். நான் பிள்ளைக்காம்பராவில் வேலை பார்த்தேன்; கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் பாடு. அவர் பெற வைப்பார், நான் தூங்க வைப்பேன். எங்கள் இரண்டு பேருக்கும்தான் தூக்கம் கிடையாது.

பத்து வருடத்துக்கு முன், எழுபதுகளின் கடைசியில், மாதம் ஒருமுறை நாங்கள் ஹட்டனுக்குப் போவோம். அவர் பிறப்பு விவரங்களைச் சுகாதாரக் கந்தோரில் கொடுக்க வேண்டும், நான் பிள்ளைகளுக்குப் பால்மா எடுத்துவர வேண்டும். அந்த அலுவலக வரிசையில் நின்று நின்றே மதியமாகிவிடும். கடைத்தெருவில் சலீம் நானாவின் சாப்பாட்டுக் கடை இருந்தது. கோழியின் காலும் நெஞ்சும் துரைமாரின் பங்களா விருந்துகளுக்குப் போய்விடும். மிஞ்சிய இறக்கைகளை மிளகாய்த்தூளும் மிளகும் பிரட்டிப் பொரித்து, பாண் ரொட்டியோடு தட்டில் வைப்பார் நானா. ஊரே அதை ரெக்கைக் கடை என்றுதான் சொன்னது.

பெண்கள் அங்கே உட்கார்வதில்லை. பொட்டலமாக வாங்கிப்போய் ஸ்டேஷனில் ஒரு மூலையில் திரும்பி நின்று தின்பதுதான் வழக்கம். நாங்களும் அப்படித்தான் தின்றோம். ஒருநாள் மேரி அக்கா நேரே உள்ளே போய் நடு மேசையில் உட்கார்ந்துவிட்டார். நானா பதறிப்போனார்.

"பின்னால வந்து இருங்க தங்கச்சி, திரை போட்டுத் தாறேன்."

"திரை எதுக்கு நானா? நான் என்ன புள்ளையா பெக்கப் போறேன்? சாப்பிடத்தானே வந்தேன்."

கடையிலிருந்த ஆண்கள் அத்தனை பேரும் தங்கள் தட்டுக்குள் குனிந்துகொண்டார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அவருக்கு எதிரே உட்கார்ந்தேன், வயிறு நிறையத் தின்றேன்.

எங்கள் லயத்து வீடுகளில் கோழி அடித்தால் கால் புருஷனுக்கு, நெஞ்சு பிள்ளைகளுக்கு. எல்லோரும் கை கழுவிய பிறகு சட்டியில் கிடக்கும் கழுத்தும் இறக்கையும் நமக்கு. "கடைக்கு வந்தும் நமக்கு ரெக்கைதானா அக்கா?" என்று கேட்டேன். "வீட்டிலயும் ரெக்கைதான், இங்கயும் ரெக்கைதான். ஆனா இங்க சூடா இருக்கு பார்வதி" என்றார். அதைச் சிரிக்காமல்தான் சொன்னார்.

ஒரு மழை மாதத்தில் ஒரே வாரத்துக்குள் இரண்டு சிசுக்கள் அவர் கையிலேயே போய்விட்டன. தாய்மார் உடம்பில் ரத்தமே இல்லை. அந்த முறை கடையில் இறக்கைகளை ஒவ்வொன்றாக எலும்பு வெளுக்கத் தின்றார். "எனக்குக் கை ஓஞ்சு போச்சு" என்று மட்டும் எழும்போது சொன்னார். ரயிலில் என் தோளில் சாய்ந்து வட்டகொடை வரும்வரை தூங்கினார். மாதத்தில் ஒரு வேளை, உட்கார்ந்து, சூடாக, நடுவில் யாரும் கூப்பிடாமல் ஒரு சாப்பாடு. அவருக்கென்று இருந்தது அவ்வளவுதான்.

அதற்கும் கண் பட்டது. தோட்டத்து ஆள் ஒருவர் எங்களைக் கடையில் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் வைத்து அக்காவின் கணவர் அந்தோணி அண்ணனிடம் சொல்லிவிட்டார். மறுநாள் அண்ணன் பிள்ளைக்காம்பராவுக்கு வந்தார். நல்ல மனிதர், கத்தவில்லை. முகம்தான் செத்துக் கிடந்தது.

"தங்கச்சி, நெசத்தச் சொல்லு. ரெண்டு பேரும் ஆம்பளைங்க நடுவுல உக்காந்து கோழி தின்னீங்களாமே?"

எனக்கு அப்போது றொசல்லையில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். என் வாய் தானாகவே திறந்தது. "நான் வாசல்லதான் நின்னேன் அண்ணே. அக்காதான் உள்ள போனாங்க."

"அப்ப அவ இனி ஹட்டன் போக வேணாம். வேற ஆள அனுப்பச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரே வாக்கியத்தில் நான் அக்காவின் ஒரு வேளைச் சாப்பாட்டைப் பிடுங்கிவிட்டேன்.

அடுத்த மாதம் அவர் வரமாட்டார் என்று நினைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனால், பையோடு நின்றிருந்தார். வழியெல்லாம் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைக்கு வந்ததும், சொன்ன பொய்க்கு ஏற்றபடி நான் வாசலில் நின்றுகொண்டேன். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "நின்னா கால் வலிக்கும் புள்ள. வா, ஆறிப்போகுது." போய் உட்கார்ந்தேன். புருஷனை எப்படிச் சம்மதிக்க வைத்தார் என்று நான் கேட்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. கேட்டால் நான் சொன்னதைச் சொல்ல வேண்டிவரும். றொசல்லை மாப்பிள்ளையே அமைந்தார். அவருக்குக் கோழியில் கால் மட்டும்தான் பிடிக்கும்.

தாசனோடு தோட்டத்துக்குப் போனேன். அடக்கம் முடிந்து அந்தோணி அண்ணன் வாசல் பெஞ்சில் தனியாக இருந்தபோது பக்கத்தில் போய்ச் சொன்னேன். "அண்ணே, அன்னைக்கு நான் உங்ககிட்ட பொய் சொன்னேன். நானும் உள்ள உக்காந்துதான் சாப்பிட்டேன்."

அவர் உண்மையாகவே திகைத்துப் பார்த்தார்.

"இல்லையே தங்கச்சி. நீ வாசல்லதான் நின்னேன்னு அவளும் சொன்னாளே. 'ஊரு வாய்க்குப் பயந்து அந்தப் புள்ள பசியோட நின்னுச்சு, நீங்க என்னடான்னா என்னையும் நிக்கச் சொல்றீங்க'ன்னு என்னோட ஒரே சண்டை. அதக் கேட்டுத்தானே நான் போகவிட்டேன். போன மாசங்கூட உன் பேச்சு வந்தப்போ, பாவம், வாசல்ல நின்ன புள்ளன்னுதான் சொன்னா."

பத்து வருடம். கட்டிய கணவரிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அங்கேதான் எனக்கு அழுகை வந்தது.

வீட்டுக்குள் ஆண்களுக்கு இலை போட ஆரம்பித்தார்கள். தாசனின் மனைவி என்னிடம் வந்து, "உங்களுக்கு அப்புறமா எடுத்து வைக்கவா சித்தி?" என்று கேட்டாள். "வேணாம்மா. எனக்கு இப்பவே பசிக்குது" என்றேன். பந்தியில் உட்கார்ந்திருந்த அந்தோணி அண்ணன் நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டார்.

மேரி அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான்: பசித்தால் பசிக்கிறது, சாப்பிட்டால் சாப்பிட்டேன் என்று சொல்லும் வாய். அவர் உயிரோடு இருந்தபோது ஒரே ஒருமுறை அது எனக்குத் தேவைப்பட்டது. அன்று அது என்னிடம் இல்லை.