மூன்று மொழியில் ஒரு கால்

போன செவ்வாய்க்கிழமை காலை. திண்டிவனம் வீட்டில் துணி அலசிக்கொண்டிருந்தேன். முகையூர் அண்ணியிடமிருந்து ஒரு கால்.

"ஒண்ணும் இல்லம்மா. அண்ணனை விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு இட்டாந்துக்கிறோம். நீ பதறாம கெளம்பி வா."

"அண்ணனுக்கு என்ன அண்ணி?"

"நீ மொதல்ல வா… பேசிக்கலாம்." வைத்துவிட்டார்.

நம் பக்கத்தில் 'ஒண்ணும் இல்ல' என்று ஆரம்பிக்கிற ஃபோனுக்கு என்ன அர்த்தம்? எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அப்பாவுக்கும் இப்படித்தான் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் வாசலில் பந்தல்.

பஸ் ஏறினேன். சித்தப்பா மகனுக்கு ஃபோன் அடித்தேன். "நானும் அங்கதான்க்கா போய்க்கினு இருக்கேன். நீ வா." அவனும் அதே பாட்டு! 'உசுரோட இருக்காரா?' என்று நானாவது கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை.

விக்கிரவாண்டி டோல்கேட் நெரிசலில் பஸ் மணிக்கணக்காக நின்றுவிட்டது. பயந்த மனசு எங்கெங்கோ ஓடும், இல்லையா? என்னுடையது போபாலுக்கு ஓடியது. கல்யாணமான புதிதில் அங்கே இருந்தோம். பக்கத்து வீட்டுப் பெண் இந்தி சொல்லிக்கொடுத்தாள் — 'கால்' என்றால் நேரம். எமனுக்கும் அதே பேர். இங்கிலீஷிலோ கூப்பிடுவது. எமனும் அழைப்பும் ஒரே சொல்லில் ஏன் வந்து உட்கார வேண்டும்? தமிழில் அது வெறும் கால்தானே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அண்ணன் — உயிரோடு! அழுதே விட்டேன்.

அப்புறம்தான் போர்வைக்கு வெளியே தெரிந்த அந்தக் காலைப் பார்த்தேன். பாதம் முழுக்கக் கறுத்திருந்தது. சர்க்கரை வியாதிக்காரர், கழனியில் முள் குத்தியதை யாரிடமும் சொல்லவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று விடியற்காலையிலேயே டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"தங்கச்சி வந்து சொல்லாம கையெழுத்து போடமாட்டேன்னுட்டாரு," என்றார் அண்ணி.

டாக்டர் கொதித்தார். "விஷம் ஏறிக்கிட்டே இருக்கு. ஃபோன்லயே கேட்டிருக்கக் கூடாதாம்மா?"

அண்ணன் என் கையைப் பிடித்தார். "கழனிக்கு எப்படிம்மா போவேன்? எடுத்துடவா சொல்ற?"

"எடுக்கட்டும்ண்ணா. நீ இருந்தா போதும்."

கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் முடிந்துவிட்டது. அண்ணன் இன்னும் ஐசியுவில்தான் இருக்கிறார். காலையிலேயே செய்திருந்தால் இவ்வளவு கவலை இல்லை என்கிறார் டாக்டர். பிழைப்பாரா? 'பார்க்கலாம்' என்பதோடு சரி. இதை எழுதும்போதுகூட ஃபோன் அடித்துவிடுமோ என்று பயந்துகொண்டுதான் இருக்கிறேன்.

அன்றைக்கு ஐசியு வாசலில் அண்ணி மெதுவாகச் சொன்னார்: "ஃபோன்ல சொன்னா பயந்துடுவியேன்னுதாம்மா…"

"பயந்துக்கினே 'சரி'ன்னு சொல்லியிருப்பேனே அண்ணி!"