டிராக்டரில் ஏறிய காட்டுச்சாமி

ஓசூர் திரும்பும் வழியில், ஊத்தங்கரை தாண்டி ஒரு மேட்டுக்காட்டில், பின்னால் கல் பொறுக்கும் இயந்திரம் பூட்டிய டிராக்டர் தடதடவென்று ஓடுகிறது. அது கொட்டிய கல் குவியலை ஓர் அம்மா பதறிப்போய்ப் புரட்டுகிறார். வேடிக்கை பார்ப்பதில் எனக்குப் பல வருட அனுபவம், பைக்கை நிறுத்துகிறேன்.

"சோறு எடுத்தார வூட்டுக்குப் போனங்கண்ணா. வந்து பாத்தா காட்டுச்சாமிக் கல்ல எடத்துல காணோம். மிசினு வாரிடுச்சாட்டம் இருக்குது. நாளைக்கு அதுக்குப் பொங்க வெச்சுத்தான் கடலக்கா போடணும்." கண் கலங்குகிறது.

நானும் தேடுகிறேன். வழவழவென்று ஒரு கல் கிடைக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு, கல்லைக் கண்ணில் ஒற்றி, பக்தியோடு நீட்டுகிறேன்.

"அய்யோ, இது மோட்டார் கொட்டாயாண்ட நான் காலு தேய்க்கிற கல்லுங்கண்ணா!"

அதற்குள் டிராக்டர் திரும்பி வருகிறது. விஷயம் கேட்ட டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, சீட்டுக்குப் பக்கத்தில் கிடந்த துண்டை விலக்குகிறார். உள்ளே மஞ்சளும் குங்குமமுமாகக் கல்.

"எந்தக் காட்டுக்குப் போனாலும் சாமியத் தூக்கி மேல வெச்சிக்கினுதாங்க்கா மிசினையே எறக்குவேன்."

அம்மா நெஞ்சில் கைவைத்து நீளமாக மூச்சு விடுகிறார். பிறகு கல்லைப் பார்த்து ஒரே அதட்டு:

"ஏஞ்சாமி, நான் இங்க வெய்யில்ல கல்லு பொரட்டிக்கினு கெடக்கறேன், நீ டிராக்டர்ல சவாரி போயிக்கினு இருக்கியா?"