களத்துக்கு வராதவர்கள்

1. கிராண்ட்

ஆராய்ச்சி உத்தியோகத்தில் என் முதல் நாள், மோகனூர்ப் பக்கம் ஒரு பண்ணை வீட்டில், சாப்பாட்டு இலைக்கு முன்னால் தொடங்கியது. 1930களின் பிற்பாதி அது. சென்னையில் பொருளாதாரம் படித்துவிட்டு, வேலை கிடைக்காமல் சேலத்தில் டியூஷன் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சென்னையில் ஓர் ஆராய்ச்சிச் சங்கம் இருந்தது. ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் அதன் செயலாளர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு இங்கிருந்து ஆள் போவதை நிறுத்துவதா, விதிகளைத் திருத்தித் தொடர விடுவதா என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த காலம். அரசாங்கத்தின் முன் வைக்க ஓர் என்கொயரி ரிப்போர்ட் தயாரிக்கச் சங்கம் விரும்பியது. விருப்பம் இருந்தது, பணம் இல்லை. பணம் கொடுக்க முன்வந்தவர் அந்தப் பண்ணை வீட்டுப் பண்ணாடி. எங்கள் பக்கத்தில் பெரிய நிலக்காரரை அப்படித்தான் சொல்வது. ஊர்களில் விசாரித்து எழுதச் சங்கம் என்னை அமர்த்தியது.

அவரைக் கெட்டவராக எழுதிவிட்டால் எனக்குச் சுலபம். ஆனால் அவர் கெட்டவர் இல்லை. சொந்தச் செலவில் தர்ம ஆஸ்பத்திரி நடத்தினார். தோட்டத்திலிருந்து மலேரியாவோடு திரும்பிச் செத்துப்போன ஒரு பண்ணையாளின் பிள்ளைகளுக்குத் தன் வீட்டில் சோறு போட்டார். அன்று என் இலையில் நெய் விடச் சொல்லிவிட்டு அவர் பேசியது நினைவிருக்கிறது.

“ஏனுங்க தம்பி, நம்மூரு சனம் ஆள் புடிக்கற கங்காணி பேச்சக் கேட்டுக்கிட்டுப் போயி எலும்பும் தோலுமாத் திரும்பி வருது. பாத்தா வகுறு எரியுது. நீங்க உள்ளத உள்ளபடி எழுதுங்க. இப்படி எழுது, அப்படி எழுதுன்னு நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்.”

கடைசிவரை சொல்லவும் இல்லை. ஆள் குறைந்து அவர் நிலத்தில் கூலி ஏறிக்கொண்டிருந்தது என்பதும் உண்மை. இரக்கமும் அந்தக் கவலையும் அவருக்குள் சண்டை போடாமல் சேர்ந்தே இருந்தன.

2. சர்வே நடந்த விதம்

அச்சடித்த கேள்வித்தாளை ‘ஸ்கெட்யூல்’ என்போம். கடல் கடந்து போய் வந்தவர்களைக் கண்டுபிடித்து அதை நிரப்ப வேண்டும். ஊர் ஊராக ஆள் தேடி அலைய வேண்டாம் என்று பண்ணாடி தன் காரைக் கொடுத்தார். அவருடைய காரியஸ்தர் முதல் நாளே சேரிக்குச் சொல்லியனுப்புவார். மறுநாள் போனால் அந்தந்த ஊர்ப் பண்ணைக் களத்தில் எனக்கு மேஜையும் நாற்காலியும் போட்டிருக்கும். எதிரே ஆட்கள் நிற்பார்கள். உட்காரச் சொன்னால் உட்காரமாட்டார்கள்.

ஒருவரிடம், தோட்டத்தில் உங்களை அடித்தார்களா என்று கேட்டேன். அவர் காரியஸ்தரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “அடிச்சாங்கன்னே எழுதிக்குங்க சாமி” என்றார். நான் எழுதிக்கொண்டேன். ‘ஆம்’ என்ற கட்டத்தில் ஒரு கோடு கூடியது.

களத்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும் நோயாளிகள், கடனாளிகள், தோட்டத்தில் பெண்டாட்டியைச் சாகக் கொடுத்தவர்கள். அவர்கள் சொன்ன துயரங்களில் பொய் இல்லை. புள்ளிவிவர டேபிள்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தன. அப்படிச் சாய்ந்தால் சந்தேகப்பட வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். அன்று நான் பெருமைப்பட்டேன்.

3. பாவாயி

ராசிபுரம் ரோட்டில் ஒருநாள் கார் டயர் பஞ்சரானது. டிரைவர் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் ஒரு புளியமரத்தடியில் நின்றிருந்தேன். வரப்பில் புல்லறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண், அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து சற்றுத் தள்ளி நின்றாள். பெயர் பாவாயி என்றாள். பண்ணாடியின் உறவினர் நிலத்தில் வேலை.

“ஊரூராக் கேட்டு எழுதறது நீங்கதானுங்களா சாமி?”

ஆமாம் என்றேன். அவளுடைய புருஷன் இலங்கையில் ஒரு தோட்டத்தில் இருந்தான். கூலிகள் குடியிருக்கும் லயத்தில் அவனுக்கு அறை கிடைத்துவிட்டது. அவளுக்குக் கொழுந்து பறிக்கும் வேலைக்கும் சொல்லி வைத்திருந்தான். ஆடி கழிந்து கங்காணி வந்ததும் மகளோடு புறப்பட வேண்டியதுதான். அதற்குள் வழியை அடைத்துவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு.

“அடைக்கறதுக்குத்தான் நீங்க எழுதறீங்கன்னு சொல்றாங்க. நெசமுங்களா?”

ஜனங்கள் சொல்வதைத்தான் எழுதுகிறேன், என் சொந்தச் சரக்கு எதுவும் இல்லை என்றேன். அவள், தன் அண்ணன் தோட்டத்திலிருந்து லீவில் வந்து ஊரில்தான் இருக்கிறான், அவனைக் கேட்டீர்களா என்றாள். அப்படி யாரும் வரவில்லையே என்றேன்.

“எப்படிங்க வருவான்? அங்க செருப்புப் போட்டு நடந்து பழகிட்டான். பண்ணாடி களத்துக்கு வந்தாச் செருப்பக் கழட்டிக் கையில புடிக்கோணும். சட்டையும் போடக்கூடாது. அவனாட்ட நாலஞ்சு பேரு இருக்கறாங்க. உங்க காரு சத்தம் கேட்டாப் போதும், கரும்புக்காட்டுக்குள்ள பூந்துக்குவாங்க.” சிரித்துவிட்டாள். “கழட்டறதுக்கு ஒண்ணுமில்லாத சனந்தான் சாமி உங்க முன்னால வந்து நின்னுது. அதுகளக் கேட்டா அக்கரை நல்லாருக்குதுன்னா சொல்லும்?”

டிரைவர் கூப்பிட்டார். அவள் போகும்போது, “எம்பட சங்கதியையும் ஒரு வரி எழுதிப் போடுங்க சாமி” என்றாள். எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

4. டிராப்ட்

எழுதவும் செய்தேன். களத்துக்கு வராதவர்கள் என்று தனி அத்தியாயமே எழுதிச் சென்னைக்கு எடுத்துப் போனேன். செயலாளர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொறுமையாகப் படித்தார்.

“நன்னா எழுதியிருக்கே. எத்தனை பேர் சொன்னா?”

“ஒருத்தர் சார். மறுபடி போய்க் கார் இல்லாமல் விசாரித்தால் இன்னும் பலர் கிடைப்பார்கள்.”

“மறுபடி போகப் பணம் யார் தருவா? அவர்கிட்டயே போய், உங்க களத்துல கேட்டது செல்லாதுன்னு சொல்லிட்டு வாங்கிண்டு வரயா?”

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார். அத்தியாயம் வேண்டுமா வேண்டாமா என்று என்னையே முடிவு செய்யச் சொன்னார். அன்று மாலையே, சேலத்தில் ஒரு கல்லூரியில் வேலை காலியாகிறது, சிபாரிசு செய்கிறேன் என்றும் சொன்னார். இரண்டையும் அவர் முடிச்சுப் போட்டுப் பேசவில்லை. முடிச்சுப் போட்டவன் நான்.

அத்தியாயத்தை நானே உருவி எடுத்தேன். அதோடு நிற்கவில்லை. அத்தியாயம் போன இடம் காலியாகத் தெரியக்கூடாது என்று முடிவுரையில் ஒரு வாக்கியம் சேர்த்தேன்: ‘தொழிலாளரின் மனைவி மக்களைச் சொந்தக் கிராமத்திலேயே இருத்துவது அவர்களுக்கே நன்மை பயக்கும்.’ ஆங்கிலத்தில் அது இன்னும் கம்பீரமாக இருந்தது. பண்ணாடி டிராப்டைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, அந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு சொல்லைக்கூட மாற்றச் சொல்லவில்லை.

5. பதில்

பிற்பாடு அரசாங்கம் தோட்டங்களுக்கு ஆள் போவதை நிறுத்தியது. அதற்குப் பெரிய காரணங்கள் பல. எங்கள் ரிப்போர்ட்டால் மட்டும் நடந்தது என்று சொன்னால் அது வீண் ஜம்பம். நான் அப்போது சேலம் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாவாயி என்னை விசாரித்துக்கொண்டு மகளோடு கல்லூரிக்கே வந்துவிட்டாள். புருஷன் வரமாட்டானா என்று கேட்டேன். “வந்தாத் திரும்பிப் போக முடியாதுங்களே சாமி. இங்க வந்து பழையபடி பண்ணையத்துக்கு நிக்கோணுமா?” என்றாள். தனக்கும் மகளுக்கும் மட்டும் அனுமதி கேட்டு மனு எழுதித் தரச் சொன்னாள். எழுதி, என் விலாசம் போட்டு அனுப்பினேன்.

பதில் வந்ததும் ஆள் விட்டு அவளை வரவழைத்தேன். அனுமதி இல்லை. காரணமாக, இந்தப் பொருள் பற்றி நடந்த ஆராய்ச்சியே இப்படிச் சொல்கிறது என்று ஒரு வாக்கியத்தை எடுத்துக்காட்டியிருந்தார்கள். அது என் வாக்கியம்.

தமிழில் சொன்னேன். “யாருங்க சாமி அப்படிச் சொன்னது?” என்று கேட்டாள். நான்தான் என்றேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகம் தெளிந்துவிட்டது.

“சாமிதானுங்களா? அப்ப அத அழிச்சுப் போட்டு வேற எழுதிருங்க.”

அச்சாகிவிட்டது, ஆபீஸ்களுக்கெல்லாம் போய்விட்டது, இனி அழிக்க முடியாது என்பதை அவளுக்கு விளக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது. புரிந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். அவள் புருஷன் வரவில்லை. சில வருஷங்களில் அங்கேயே வேறு குடும்பம் ஆகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். மகள் அதே நிலத்தில் வேலைக்கு நின்றாள்.

அந்த வாக்கியத்தைத் திருத்த வேண்டும் என்று நான் சங்கத்துக்கு எழுதினேன். திருத்திய பதிப்புக்கு நிதி இல்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது.

இப்போது ஆராய்ச்சி நிலையங்களில் வேலைக்குச் சேரும் பிள்ளைகள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். யார் பணம் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள், பணமில்லாமல் ஆராய்ச்சி நடக்காது. ஆனால் டிராப்ட் பென்சிலில் இருக்கும்போதே, யாரைப் பற்றி எழுதினீர்களோ அவர்களிடம் கொண்டுபோய் வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். அழிக்கச் சொல்வார்கள். அப்போது அழிக்க முடியும்.