தானாக விம்மும் நட்சத்திரம்

தஞ்சாவூர் ஸ்கேன் சென்டரில் டாக்டரம்மா திரையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்: "கருவோட பை தெரியுதும்மா. துடிப்பு இன்னும் தெரியல. ஒரு வாரம் கழிச்சு வாங்க, பாப்போம்."

போன வருடம் இதே வார்த்தைகளைக் கேட்டு வந்த பிறகுதான் முதல் கரு கலைந்தது. அம்மாவோ ஊர் திரும்பும் பஸ்ஸிலேயே போனை எடுத்துவிட்டாள். மன்னார்குடி வருவதற்குள் தயிர்க்காரம்மா வரைக்கும் நான் உண்டாகியிருக்கும் செய்தி போய்விட்டது.

"இன்னும் நிச்சயமில்லம்மா."

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருடி."

மறுநாளே எதிர்வீட்டிலிருந்து மாங்காய் ஊறுகாய் வந்தது. நான் அதைத் தொடவில்லை.

என் தொழிலும் இப்படித்தான், நிச்சயமில்லாததோடு மல்லுக்கட்டுவது. வயதாகி ஊதிப் பெருத்த நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களைத் தேடுகிறேன். கோளை நேரில் பார்க்க முடியாது. அது இழுக்கும் இழுப்பில் நட்சத்திரம் லேசாக ஆடும். அதை வைத்துத்தான் கோள் இருக்கிறது என்போம். இதில் ஒரு வம்பு. இந்தக் கிழட்டு நட்சத்திரங்கள் சும்மா இருக்காது. தானாகவே விம்மும், தணியும். அதுவும் கோள் ஆட்டுவது போலவே தெரியும். அப்படிப்பட்ட ஒரு நட்சத்திரத்தில் கோள் இருக்கிறது என்று சில வருடங்களாக நான் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தேன்.

அந்த வார நடுவில், கொல்லையில் துணி உலர்த்தும்போது, என் ஆராய்ச்சியை வழிநடத்தும் பேராசிரியர் போன் செய்தார்.

"புது டேட்டா வந்துருக்கு. மனசத் தேத்திக்கம்மா. அது கோள் இல்ல. நட்சத்திரத்தோட வேலைதான்."

உழைப்பு போனதற்காக ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரவில்லை. இல்லாததை இருக்கிறது என்று இத்தனை நாள் நம்பினேனே, அதுதான் என்னை உலுக்கியது. காலைக் குமட்டலும் தலைசுற்றலும் வெறும் என் உடம்பின் வேலையாக இருந்தால்? ஒவ்வொரு முறை பாத்ரூம் போகும்போதும் ரத்தம் இருக்குமோ என்று பயந்து பயந்து பார்த்தேன்.

மறுபடி தஞ்சாவூர் போன அன்று, சாலையில் பாதியை மறித்து நெல் காயப்போட்டிருந்தார்கள். பஸ் ஊர்ந்தது. இன்னும் தாமதமாகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். போய்ச் சேராதவரைக்கும் யாரும் எதுவும் சொல்ல முடியாதே.

இந்த முறை அம்மாவையும் உள்ளே விட்டார்கள். டாக்டரம்மா திரையை என் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்தின் நடுவே அரிசியளவு ஏதோ மினுக்மினுக்கென்றது.

"துடிக்குது பாருங்க."

"என்னோட துடிப்பா இருக்கப் போவுது டாக்டர். நல்லாப் பாருங்க."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கழுத்தில் இரண்டு விரலை அழுத்தி என் நாடியைப் பிடித்தேன். பயத்தில் அது தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது. திரையில் இருந்தது அதையும் முந்திக்கொண்டு ஓடியது. மறுபடி பார்த்தேன். இரண்டும் ஒத்துப்போகவே இல்லை.

"என்னடி சொல்றாங்க?" அம்மா கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஊருக்கெல்லாம் சொன்னவளும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"இருக்கும்மா," என்றேன். "இது நான் இல்ல. வேற ஆளு."